மூன்றாம் மாடிக் கடல்

லிஃப்ட்காரர் தனியாகப் போய்க் கதவைத் திறந்தால் மூன்றாம் மாடியில் கடல் இருந்தது. கூட வேற்றாள் இருந்தால் வழக்கம்போல காப்பீட்டு அலுவலகம். இதை அவர் முறைப்படி எழுதிக் கொடுத்தார். பராமரிப்புப் பிரிவினர் வந்து கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்கள்.

இருபத்திரண்டு வருடம் முக்காலியில் உட்கார்ந்தபடியே மேலே போனார், கீழே வந்தார். செக்குமாட்டுக்காவது சுற்ற இடம் உண்டு. அடுத்தவர் விட்ட மூச்சையே இழுத்து இழுத்து அவருக்கு நெஞ்சடைத்தது. கதவுவரை வந்து திரும்பும் அலையில் ஒரே ஒரு தடவை நின்றபடி போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு அலைச்சறுக்குப் பலகை வாங்கப் போனார். எடை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதும், லிஃப்டில் தினமும் பார்க்கும் தகடுதான் வாயில் வந்தது. “ஆறு பேர், நானூத்தி எட்டு கிலோ.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சின்னப் பலகை பந்தாவுக்குத்தான் சார். புதுசா கத்துக்கறவங்களுக்கு நீளமா, அகலமா, மெத்துனு இருக்கணும்” என்று பன்னிரண்டடிப் பலகையைத் தலையில் கட்டினார். பேருந்து நிறுத்தம்வரை மனைவி சிரித்துக்கொண்டே வந்தார். லிஃப்டின் உயரம் ஏழடி. கூரை மூடியைக் கழற்றிப் பலகையை நிமிர்த்தி வைத்தார். லிஃப்டில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? எல்லோரும் மாடி எண்ணைத்தான் பார்த்தார்கள்.

பலகைமேல் குப்புறப் படுக்க வேண்டும், அலை தள்ளும்போது கையூன்றி எழ வேண்டும். அவர் கையூன்றும் நேரம் பார்த்து ஐந்தாம் மாடி மேலாளர் மணியடிப்பார். மணி கேட்டால் உடம்பு தானாகத் திரும்பிவிடும். ஈரக் கால்சட்டையோடு மேலாளரை இறக்கிவிடுவார். நான்கு வருடம் இப்படியே போனது. “நான் இன்னும் விழக்கூட இல்லடி” என்று சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் ஒருநாள் அழுதுவிட்டார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. திங்கட்கிழமை முதல் லிஃப்டுக்குப் பட்டன். அவருக்கு அடித்தளத்தில், ஜன்னலில்லாத கோப்பறையில் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டோடு ஏறிய மனைவி இறங்கவில்லை. மூன்றில் கதவு திறந்தது. கடல் இருந்தது. மனைவியை அது வேற்றாளாக எண்ணவில்லை.

“ஆறு பேர் போலாம்ல?” என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார் மனைவி. அவரும் கழற்றினார். அலை வந்தது. கையூன்றினார். மணி அடித்தது. கழுத்து திரும்பத் தொடங்கியது.

“அடிக்கட்டும்” என்றார் மனைவி.

அவர் எழுந்து நின்றார்.

மணி அரை மணிநேரம் அடித்தது. மேலாளர் படியில் இறங்கிப் போனார். இப்போது தினமும் அப்படித்தான், மூட்டுவலி குறைந்திருக்கிறதாம். பட்டன்கள் நன்றாக வேலை செய்கின்றன. முக்காலியையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் யாரும் எடுக்கவில்லை, ஏறுகிறவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். தகட்டில் ஆறு பேர் என்பதை நான்கு பேர் என்று திருத்தியிருக்கிறார்கள்.