ஆஸ்பத்திரி லைன்

"இன்னைக்கு மெஷின் ஓடாதுக்கா. தொட்டியில தண்ணி இல்ல," என்றாள் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். என் கணவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படுக்கையில் படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு இரு கரையும் முட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று ஓடியது. கண்ணெதிரே இவ்வளவு தண்ணீர், ஊருக்குள் ஒரு குடத்துக்கு வழியில்லை. ஆறு இப்படிக் கலங்கினால் நீரேற்று நிலையத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். தெளிய இரண்டு நாளாகுமாம். பக்கத்து ஊருக்குப் போகலாமென்றால் பாலத்தை மூடிவிட்டார்கள். காய்ச்சல் வந்ததில் போன முறை டயாலிசிஸ் ஏற்கெனவே தவறிப்போயிருந்தது. இவருக்குக் கால் இரண்டும் வீங்கி, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டு நாள் தாங்காது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பது என் கொழுந்தன். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பாகப்பிரிவினையில் எங்களுக்கு மாடி வந்தது, மாடிப்படி அவர்களுக்குப் போனது. பறந்தா போக முடியும்? "செத்தாலும் சொல்லி அனுப்ப மாட்டேன்" என்று நடுவாசலில் நின்று கத்திவிட்டு வாடகை வீட்டுக்குக் கிளம்பினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வீம்பில்தான் இவருக்குச் சிறுநீரகம் போனதைக்கூட அவனுக்குச் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க அண்ணனுக்கு டயாலிசிஸ். ஒரு வருஷமாச்சு. ஆஸ்பத்திரியில தண்ணி இல்லப்பா."

"ஒரு வருஷமாவா?" என்று படியில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவன் எழுந்து இன்ஜினியருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினான்.

"மேல்தொட்டியில வடிகட்டின தண்ணி கொஞ்சம் இருக்கு, அண்ணி. ஊருக்கே விட்டா யாருக்கும் பத்தாது. மத்த மூணு லைனையும் அடைச்சா ஆஸ்பத்திரி ரெண்டு நாள் ஓடும்."

முதலில் அடைக்கப் போனது அவன் தெரு லைன். அன்று அவன் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்துப் பேர் வருகிறார்களாம்.

"ஐயோ, அவங்களுக்கு?"

"வரும்போதே ஆளுக்கொரு பக்கெட் கொண்டு வரச் சொல்லிடலாம்."

கூட வேலை பார்ப்பவர் அக்கரையில் மாட்டிக்கொண்டதால் அவன் ஒற்றை ஆள். வால்வுக்கு நாற்பது சுற்று, எல்லாம் துருப்பிடித்த சக்கரம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கத்தை நான் பிடித்தேன். மூன்றை அடைத்து ஆஸ்பத்திரி லைனைத் திறந்தபோது இருவருக்கும் மூச்சிரைத்தது. அவன் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. ஆனால் நெஞ்சு முழுக்க அது மட்டும்தான் இருந்தது.

"அழுதுட்டு நிக்காதீங்க, அண்ணி. கிளம்புங்க. தண்ணி உங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்."

ஆற்றங்கரைச் சாலைக்கு அடியில்தான் அந்தக் குழாய் போகிறது. ஆட்டோ ஒன்றும் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுக்கடியில் ஓடும் தண்ணீரோடு போட்டி போட்டபடி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.