ஹில்க்காவின் காருக்கு எத்தனை சீட்டு

ஐம்பத்து மூன்று வயதுவரை ஹில்க்கா எந்த வண்டியையும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டியதில்லை. ஓட்டினால் புத்தகம் விழும். அவள் வேலை அப்படி. நகராட்சியின் நூலக பஸ்ஸை எங்கள் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஓட்டிக்கொண்டு போய், தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் முக்குகளில் நிறுத்தி, ஹாரன் அடித்து, புத்தகம் கொடுத்து வாங்க வேண்டும். இருபத்தாறு வருஷம் இதையே செய்தாள். “நீ ஒருநாள் கார்ப் பந்தயத்துல ஓட்டுவே” என்று யாராவது சொல்லியிருந்தால், புத்தகத்தைத் திருப்பித் தராததற்கு இதுவும் ஒரு சாக்கா என்று கேட்டிருப்பாள்.

ஒரு ஜனவரி மாதக் காலையில் அது ஆரம்பித்தது. ரோடு முழுக்கப் பனிக்கட்டி. மேடு ஏறி இறங்கினால் நடுரோட்டில் ஒரு மூஸ் மான், குதிரையைவிட உயரமாக, நகரமாட்டேன் என்று நிற்கிறது. பிரேக்கைத் தொட்டால் பஸ் வழுக்கிக்கொண்டு போய் மானிலேயே முட்டும். ஹில்க்கா தொடவில்லை. கை தானாக ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி, உடனே மறுபக்கம் திருப்பியது. பஸ்ஸின் பின்பக்கம் அகன்று வீசி, பள்ளத்தின் விளிம்பைத் தடவி, மானின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து நேரானது. கீழே விழுந்தவை மூன்றே மூன்று புத்தகங்கள். அவற்றைப் பொறுக்கி அடுக்கிவிட்டு நேராகத் தம்பி ஒஸ்மோவின் மெக்கானிக் கடைக்குப் போனாள்.

“பயந்துட்டியா?” என்றான் ஒஸ்மோ, காருக்கு அடியில் படுத்தபடி.

“அதைச் சொல்லத்தான்டா வெக்கமா இருக்கு. பயமே வரலே. அந்த ரெண்டு நொடியும் உலகமே சத்தமில்லாம இருந்துச்சு. இன்னொரு தடவ வராதான்னு இருக்கு.”

ஒஸ்மோ அடியிலிருந்து வெளியே வந்தான். அவனும் ஒரு காலத்தில் சரளைத் தடத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவன்தான். முதுகு போனபிறகு விட்டான். அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

“போச்சு! உனக்கும் இந்தப் பைத்தியம் புடிச்சிருச்சு,” என்றான்.

எங்கள் ஊரில் இந்தப் பந்தயத்துக்குப் பெரிய மனுஷனாக இருக்க வேண்டியதில்லை. குப்பைக்குப் போகவேண்டிய பழைய கார் ஒன்று, உள்ளே இரும்புக் கூண்டு, தலைக்கு ஹெல்மெட், கையில் ஒரு பந்தய லைசென்ஸ் இருந்தால் போதும். பன்றிப் பண்ணைக்காரர், பல் டாக்டர், பாதிரியார்கூட ஓட்டுகிறார். ஒரே ஒரு சட்டம்தான் கொடுமை. பந்தயம் முடிந்ததும் தடத்தில் ஓடிய ஒவ்வொரு காரும் விலைக்கு வந்துவிடும். எல்லாக் காருக்கும் ஒரே விலை, இரண்டாயிரம் யூரோ. அன்று ஓட்டிய யாரும் யாருடைய காரையும் கேட்டுச் சீட்டு எழுதிப் போடலாம். பலர் கேட்டால் குலுக்கல். தரமாட்டேன் என்றால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். காசைக் கொட்டி யாரும் ஜெயித்துவிடக் கூடாதே, அதற்காகத்தான்.

ஒஸ்மோ அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு காரைக் கட்டினான். கட்டி முடித்த மறுநாள் அவன் கடைக்கு வந்து பார்த்தால், ஹில்க்கா அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, வெள்ளையில் இருபத்தேழு என்று எண் எழுதி, மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! என்ன பண்ணி வச்சிருக்கே?” என்று தலையில் கை வைத்தான்.

“ஏன், அழகா இல்லியா?”

“அழகா இருக்குங்கறதுதான் பிரச்சினை! அவனவன் வேணும்னே சுத்தியலால தட்டிச் சப்பையாக்கிக் கொண்டு வர்றான், ஒருத்தன் கண்ணும் படக்கூடாதுன்னு. நீ என்னடான்னா கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு நிறுத்தறே!”

மே மாதம் முதல் பந்தயம். ஆறு கார்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்து நின்றன. கண்ணாடிக்குப் பதில் கம்பி வலை. பச்சை விளக்கு எரிந்ததும் முன்னால் போனவர்களின் சரளை வலை வழியாக வந்து அவள் ஹெல்மெட்டில் படபடவென்று அடித்தது. முதல் வளைவில் கார் பக்கவாட்டில் வழுக்கியது. அவ்வளவுதான், அந்தச் சத்தமில்லாத இடம் திரும்ப வந்துவிட்டது. மரங்கள், மண்மேடு, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாம் மெதுவாகச் சுழன்றன. அப்பாடி, இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே கேட்டாள். நடுவில் இரண்டு முறை தப்பான கியர் போட்டு ஐந்தாவதாக வந்தாள். இறங்கும்போது முகமெல்லாம் சேறும் கண்ணீருமாக இருந்தது.

அன்று அவள் காருக்கு ஒரு சீட்டும் விழவில்லை. லெம்பி ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். லெம்பிதான் கிளப்பின் காரியதரிசி. எழுபது வயது, சீட்டுகளைப் போட ஒரு பழைய காபி டப்பா வைத்திருப்பாள். இருபத்தேழுக்கு “இல்லை” என்று அவள் சொன்னபோது ஹில்க்காவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

“நம்ம கார ஒருத்தனும் கேக்கலியே,” என்றாள் தம்பியிடம்.

“சந்தோஷப்படு. முன்னாடி வந்த காருங்களுக்குத்தான் சீட்டு விழும். நீ அஞ்சாவது வந்தே. பேசாம கையில இருக்கற சாஸேஜைத் தின்னு.”

ஜூன் கடைசியில், நடுக்கோடைப் பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பந்தயம். அதில் ஹில்க்கா ஜெயித்தாள். சும்மா ஜெயிக்கவில்லை. மூன்று தடவை மாவட்டச் சாம்பியனான தவுனோவைக் கடைசிச் சுற்றில் வளைவின் வெளிப்பக்கமாகத் தாண்டி ஜெயித்தாள். காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டும் தவுனோவைக் கடந்த எட்டு வருஷத்தில் வெளிப்பக்கமாகத் தாண்டியவர் கிடையாது. இறங்கி வந்த மனுஷர் ஹில்க்காவைப் பார்க்கவே இல்லை. நீலக் காரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஒஸ்மோ, உள்ளே என்னய்யா வச்சுக் கட்டினே?” என்றார்.

“ஒண்ணும் இல்ல. எல்லாம் பழைய சாமான்.”

“யார்கிட்ட கதை விடறே!”

ஹில்க்காவும் அதையேதான் நினைத்தாள். தம்பி ஏதோ மாயம் செய்திருக்கிறான். இந்தக் காரில் உட்கார்ந்தால்தான் அந்த இடம் திறக்கிறது. இது இருக்கும்வரை அவள் வேறு ஆள். இது போய்விட்டால் மறுபடி ஹாரன் அடித்துப் புத்தகம் கொடுக்கும் பொம்பளை, அவ்வளவுதான். காபி டப்பாவில் சீட்டு விழ விழ அவள் காரைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

“இருபத்தேழு,” என்று லெம்பி வாசித்தாள். “பதினோரு சீட்டு.”

கூட்டம் ஓவென்று கத்தியது. கிளப்பில் அதற்குமேல் மரியாதை கிடையாது. பலர் வந்து கை கொடுத்தார்கள். ஹில்க்கா காரையே பார்த்துக்கொண்டு கை கொடுத்தாள். குலுக்கலில் தவுனோவின் பேர் வந்தது.

“தரமாட்டேன்னு சொன்னா?” என்று தம்பி காதில் கேட்டாள்.

“லைசென்ஸ் போகும். அப்புறம் கார வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே, மாடு மேய்ப்பியா?”

சாவியைக் கொடுத்துவிட்டாள். தவுனோ பணத்தை நீட்டியபோது எண்ணாமல் பையில் திணித்தாள். தன் கார் வேறொருவன் டிரெய்லரில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பியின் வேனில் ஏறி உட்கார்ந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒஸ்மோ ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். எங்கள் ஊர் ஆம்பளைகளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அடுத்த பந்தயத்துக்கு மூன்றே வாரம். அதற்குள் இன்னொரு கார் கட்ட முடியாது. போகாமல் இருந்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் வேலிக்கு வெளியே நின்று, தன் நீலக் காரை அடுத்தவன் ஓட்டுவதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, உள்ளே இருக்க வேண்டும். பன்றிப் பண்ணைக்காரர் பெர்த்தியிடம் ஒரு பழுப்புக் கார் இருந்தது. நாலு வருஷமாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத கார். அதன் பேருக்கு இதுவரை ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை.

“ஐந்நூறு குடு, எடுத்துட்டுப் போ,” என்றார் பெர்த்தி. “ஆனா முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டாவது கியர் நிக்காது, முட்டியால முட்டுக் குடுக்கணும். கதவைக் கயித்தால கட்டியிருக்கேன். வாசனை ஒரு மாதிரிதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல.”

அந்த ஞாயிறு ஜனம் வழக்கத்துக்கு மேல் வந்திருந்தது. சாம்பியன் கையில் மாயக் கார் கிடைத்திருக்கிறதே, கேட்கவா வேண்டும்! தவுனோ மூன்று வாரமும் தன் கார் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை என்று பேச்சு. இறுதி ஓட்டத்தில் நீலக் கார் முதல் வரிசையில் நின்றது. ஹில்க்கா தட்டுத் தடுமாறித் தகுதி பெற்று மூன்றாவது வரிசையில் நின்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பழுப்புக் கார் இருமிக்கொண்டே கிளம்பியது. முட்டியால் கியரை அழுத்திக்கொண்டு அவள் முதல் சுற்றில் ஆறாவதாகவும், மூன்றாவது சுற்றில் நாலாவதாகவும் போனாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது, முன்னால் இருப்பவர்கள் ஏதோ அவசரமில்லாமல் போவதாகத்தான் பட்டது. கடைசியான ஐந்தாவது சுற்றில் முன்னால் இருந்த இரண்டு கார்கள் ஒன்றோடொன்று முட்டி ஒதுங்கின. தூசி விலகியதும் நேர் எதிரே நீலக் காரின் பின்பக்கம் தெரிந்தது. அவள் கையால் எழுதிய இருபத்தேழு.

அந்தத் தடத்தில் சரளைக்குழி என்று பேர் பெற்ற வளைவு வந்தது. நீண்ட வளைவு, வெளிப்பக்கம் மண்மேடு. நீலக் காரின் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இங்கேயா? இங்கே எதற்குப் பிரேக் போடுகிறார்? கார் ஏதாவது கெட்டுப்போய்விட்டதா? அந்த இடத்தில் அவள் ஒருநாளும் பிரேக்கைத் தொட்டதில்லை. போடலாம் என்றே தோன்றியதில்லை. வளைவு வருமுன்பே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு தட்டு, பிறகு உள்ளே. அந்தப் பீத்தல் கார் முனகியது, கயிறு கட்டிய கதவு தடதடவென்று அடித்தது, பிறகு எல்லாச் சத்தமும் அடங்கியது. மண்மேடு அவள் தோளுக்குப் பக்கத்தில் மெதுவாக நகர்ந்தது. மேட்டின்மேல் ஒரு பெண் வாயருகே கொண்டுபோன காபியைக் குடிக்காமல் நிறுத்தியிருந்தாள், அந்தக் கோப்பையில் பூப் போட்டிருந்தது. அதைக்கூடப் பார்க்க நேரம் இருந்தது. இந்த மட்டமான காரிலும் அந்த இடம் திறந்துவிட்டதே என்று ஹில்க்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நீலக் கார் இடப்பக்கமாகப் பின்னால் போனது. அவள் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

இறங்கியதும் ஓடியது தவுனோவிடம்தான்.

“என் கார என்ன பண்ணினே? எஞ்சினுக்கு ஒடம்பு சரியில்லியா? ஏன் அப்படி இழுக்காமப் போச்சு?”

தவுனோ ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“அந்த எஞ்சின மூணு வாரத்துல நாலு தடவ பிரிச்சுட்டேன் ஹில்க்கா. ஒண்ணும் இல்ல. ஒஸ்மோ சொன்னது நிஜம்தான், எல்லாம் பழைய சாமான்.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “சரளைக்குழி வளைவுல நீ ஏன் பிரேக் போடல?”

“அங்க போடணுமா?” என்றாள் ஹில்க்கா. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

தவுனோ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினார்.

அரைமணி நேரம் கழித்து லெம்பி டப்பாவோடு வந்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இந்த எண்ணுக்கு இரண்டு, அந்த எண்ணுக்கு மூன்று, நீலக் காருக்கு இல்லை. கடைசியாக, அன்று ஜெயித்த பழுப்புக் காரின் எண்ணை வாசித்துவிட்டு டப்பாவுக்குள் கையை விட்டாள். கை வெறுமனே வந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இல்லை,” என்றாள்.

ஹில்க்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெயித்தும்கூட அவள் காரை ஒருத்தரும் கேட்கவில்லை. பன்றி நாற்றமடிக்கிற காரை யார் கேட்பார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு தலையைக் குனிந்தாள்.

“ஏ ஹில்க்கா, தலைய நிமித்திப் பாரு,” என்றான் ஒஸ்மோ.

பார்த்தாள். நாற்பது பேர் நின்றார்கள், தூசி படிந்த முகங்களோடு. ஒருத்தர் கண்ணும் காரின்மேல் இல்லை. எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தன. பெர்த்தி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தவுனோ முன்வரிசையில் நின்று, கோவிலில் நிற்கிற மனுஷனைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தோரு வருஷமா இந்த டப்பாவத் தூக்கிட்டு அலையறேன்,” என்றாள் லெம்பி. “ஜெயிச்ச கார யாரும் கேக்காம விட்டு நான் பாத்ததே இல்ல. கார்ல ஒண்ணும் இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

ஹில்க்காவுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ,” என்றாள். “அப்போ அது நானா?”

“பின்னே?” என்றாள் லெம்பி. தாளில் சுழியம் போட்டுவிட்டு டப்பாவை மூடினாள்.