போர்டு இல்லாத கடை

வெளிநாட்டுக்குப் போய் ஓட்டலில் சாப்பிடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பது நாத்தனாரின் கட்சி. "உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுறாங்களோ அங்கதான் அண்ணி சாப்பிடணும்" என்று விமானத்திலேயே பாடம் நடத்திவிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா! தையல்கடை வைத்திருக்கும் அண்ணி தலையாட்டி வைத்தாள்.

சந்தையில் இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். பாலாடைக்கட்டி என்று நாத்தனார் கடித்துப் பார்த்தது துணி சோப்பு. "கொஞ்சம் காரமா இருக்கு" என்றாள், உதட்டில் நுரையோடு. அண்ணிக்குப் பசியில் காதே அடைத்துவிட்டது.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. திறந்த கதவுக்குள் நீளமான மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போர்டுகூட இல்ல, பாருங்க. இதுதான் அசல் கடை!"

இருவரும் போய் உட்கார்ந்தார்கள். எல்லோருடைய கரண்டியும் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு பருத்த அம்மாள் சிரித்தபடி இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். சூடான பருப்பு, வதக்கிய கிழங்கு, ரொட்டி. அண்ணி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நாத்தனார் விரலைச் சொடுக்கி உப்பு கேட்டாள்.

அப்போது தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளிருந்து ஒருவர் வந்தார்.

"ஏம்மா, சாப்பாட்டுக் கடையில எதுக்கு இவர் குளிக்கிறார்?" என்றாள் அண்ணி.

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். பருத்த அம்மாளும் குளித்தவரும் மாலையும் கழுத்துமாக நின்ற கல்யாணப் படம். நாத்தனாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"ஐயோ அண்ணி, இது வீடு!"

பணத்தை நீட்டினால் அந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டாள். சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக அண்ணிக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் குளித்தவர் ரொட்டி எடுக்கக் குனிந்தார். கால்சட்டையின் பின்பக்கம் சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. தையல்காரி கண்ணுக்கு அது பொறுக்குமா? கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துக் காட்டினாள். வீடே குலுங்கிச் சிரிக்க, அவர் உள்ளே ஓடிப்போய்க் கால்சட்டையைக் கழற்றி வெளியே வீசினார்.

சேதி சந்து முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் பதினொரு கால்சட்டை, நாலு சட்டை வந்து குவிந்தன.

"சும்மா உட்காராதே, பொத்தானையாவது தை" என்றாள் அண்ணி.

நாலே நாலு பொத்தான் துளை இருந்த சட்டைக்கு அஞ்சு பொத்தான் தைத்து வைத்தாள் கணக்கு டீச்சர். சட்டைக்குச் சொந்தக்காரர் வெகுநேரம் அஞ்சாவது துளையைத் தேடிவிட்டு, அவளுக்கு இன்னொரு கிண்ணம் பருப்பு கொண்டுவந்து கொடுத்தார்.