ஒளித்துவைத்த மாடு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நஞ்சம்மாள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அந்தப் பொய்க்கு நாலு காலும் ரெண்டு கொம்பும் ஒரு வாலும் இருந்ததுதான் வம்பாகப் போயிற்று.

மகன் தரணீதரனுக்கு முப்பத்தைந்து முடியப் போகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். நல்ல சம்பளம், நல்ல குணம், தலையில் முடியும் இன்னும் பாக்கி இருந்தது. இருந்தும் பெண் அமையவில்லை. காரணம் மாட்டுக் கொட்டகை. ஒரு காலத்தில் கொட்டகையில் எத்தனை உருப்படி என்று கேட்டுத்தான் பெண் கொடுத்தார்களாம். இப்போது ஒன்று நின்றாலே போதும், வந்த கார் அப்படியே திரும்பிவிடுகிறது.

இந்த முறை வந்தது சோமனூர் சம்பந்தம். தறிக்குடோன் வைத்திருக்கிற கந்தவேலின் மகள் சத்யப்பிரியா. அவளும் திருப்பூரில்தான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சன்டைசர். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊடு பார்க்க, அதாவது மாப்பிள்ளை வீட்டை நேரில் பார்க்க, வருகிறார்கள் என்று சொன்ன தரகர், போனை வைக்கிற நேரத்தில் ஒரு குண்டைப் போட்டார்.

"எல்லாஞ் சரிங்க அம்மிணி. பொண்ணு சாணி மட்டும் அள்ளாதாமா. மாடு கண்ணுல பட்டுதுன்னா அவ்வளவுதான், பாத்துக்கங்க."

நஞ்சம்மாள் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலமே ரெண்டு கறவை மாட்டையும், தலையீத்துச் சினையாக, முதல் கன்றைச் சுமந்துகொண்டிருந்த செவலைப் பசுவையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் காட்டில் பத்ருன்னிசாவின் குடோனுக்குப் பின்னால் கட்டிவிட்டு வந்தாள். பத்ருன்னிசாவும் அவள் வீட்டுக்காரரும் பனியன் வேஸ்ட் வியாபாரம். கம்பெனிகளில் வெட்டித் தள்ளுகிற துணியை மூட்டை மூட்டையாக வாங்கி அங்கே அடுக்கியிருப்பார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் மாடென்ன, யானையே நின்றாலும் தெரியாது. வந்ததும் கொட்டகையைக் கழுவி விட்டாள், கோலம்கூடப் போட்டாள். வெள்ளாடு நாலை மட்டும் விட்டுவைத்தாள். ஆட்டுப் புழுக்கையைப் பற்றித் தரகர் ஒன்றும் சொல்லவில்லை.

"சினை மாட்டைப் போயி எடம் மாத்தறயே, மடி வேற எறங்கியிருக்குது" என்று அவள் புருஷன் சென்னியப்பன் முனகினார்.

"நாளைக்கு ஒரு நாளு பொறுக்காதாக்கும்? நானும் அது பக்கத்துலயே நின்னு கெஞ்சிட்டுத்தானுங்க வந்திருக்கறேன்" என்றாள் நஞ்சம்மாள்.

செவலை பொறுத்தாலும் மழை பொறுக்கவில்லை. பங்குனியிலிருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப் போன ஊருக்கு, அந்த ராத்திரிதான் சித்திரை மழை கொட்டியது. விடிந்ததும் சென்னியப்பன் தன் மானாவாரிக் காட்டுக்குள் இறங்கி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பெருமையாக வந்தார். "ரெண்டு உழவு மழை!" மழையை மில்லிமீட்டரில் அளப்பது டிவிக்காரர்கள் வேலை. இங்கே ஈரம் எத்தனை கலப்பை ஆழம் இறங்கியது என்பதுதான் கணக்கு. அப்புறம் அவர் போனை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. தாராபுரம் பக்கம் ஒரு உழவுதானாம், குண்டடத்தில் ஓடையே போகிறதாம், ஊத்துக்குளியில் தூறலோடு சரியாம், பல்லடத்தில் விடியும்போதே சோளம் விதைக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

தரணீதரன் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

"அம்மா, டிராக்டர் இன்னைக்கு நமக்குத்தானாம்மா. நாளைக்குன்னா எனக்கு கம்பெனி. இந்த வெயிலுக்கு ஈரம் ரெண்டு நாள் தாங்காது."

"ஈரம் போனா அடுத்த மழைக்கு வரும். பொண்ணு போனா வருமா? சட்டையக் கசக்காம உக்காரு சாமி."

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டே அவன் உட்கார்ந்தான்.

பத்து மணி வாக்கில் கார் வந்தது. கந்தவேல், அவர் சம்சாரம், கூடவே சத்யப்பிரியாவும். பெண் நேரில் வருவாள் என்று தரகர் சொல்லவே இல்லை. "நான் இருக்கப்போற ஊட்ட நான்தானுங்களே பாக்கோணும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். நஞ்சம்மாளுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப் போயிற்று. பிடித்ததும்தான் பயமே வந்தது. இந்தப் பெண் கைவிட்டுப் போனால் தாங்க முடியாது.

பஜ்ஜியும் கேசரியும் காபியும் வந்தன. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, சென்னியப்பன் வாயைத் திறக்கும் வரைக்கும். அவருக்கு மழையைத் தவிர வேறு பேச்சு வராது.

"இன்னைக்கு வெதைச்சமுன்னா ஆவணிக்குள்ள சோளத்தட்டு அறுத்துப் போடலாமுங்க. போன வருசம் தட்டுப் போர் இந்த ஒசரம்" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

கந்தவேல் தறிக்காரர்தான், ஆனால் காதில் விழுந்ததை வீணாக்குகிறவர் இல்லை. சோளத்தட்டு மாட்டுக்குப் போடுகிற தீனி என்பது அவருக்கும் தெரியும். காலியாகப் பளபளத்த கொட்டகையை ஒருமுறை பார்த்தார். கோலத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, மாடு ஒண்ணையுங் காணமுங்களே?"

"மாடெல்லாம் எப்பவோ குடுத்துட்டமுங்க" என்று முந்திக்கொண்டாள் நஞ்சம்மாள். "அந்த வாசமே நம்முளுக்கு ஆகாதுங்க."

"அப்பறம் தட்டு யாருக்குங்க?"

சென்னியப்பனுக்குக் காபி புரையேறியது. தரணீதரன் கூரையைப் பார்த்தான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்கு மதி வேண்டாமா? கந்தவேலுக்கு இருந்தது, அதுதான் தொல்லை.

"ஆட்டுக்குங்க" என்றாள் நஞ்சம்மாள்.

"நாலு ஆட்டுக்கு அந்த ஒசரமுங்களா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் பத்ருன்னிசா வந்து நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. விருந்தாளிகள் முன்னால் மாடு என்ற சொல்லே வரக் கூடாது என்று நஞ்சம்மாள் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பத்ருன்னிசா சொன்ன சொல் தவறாதவள்.

"நஞ்சக்கா, நீங்க நம்ம குடோன்ல குடுத்து வெச்சீங்களே ஒரு பொருளு..."

"அதை அப்பறம் பாத்துக்கலாங் கண்ணு."

"அப்பறம் ஆகாதுங்கக்கா. அந்தப் பொருளு ஒண்ணு ரெண்டாகப் போகுதுங்க."

கந்தவேலின் சம்சாரம் கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள். வெளியே ரோட்டில் டிராக்டர் வந்து நின்று ஹாரன் அடித்தது. "என்னண்ணே, வெதைக்கணுமா வேணாமா? அங்கிட்டு நாலு காடு காத்துக் கெடக்கு!" என்று டிராக்டர் ஓட்டுகிற மொக்கைச்சாமி தேனிப் பக்கத்துத் தமிழில் கத்தினார். தரணீதரனின் கால் தானாக ஆடியது. நஞ்சம்மாள் அதை முறைத்து நிறுத்தினாள்.

"அது ஒண்ணுமில்லீங்க, பனியன் துணிங்க" என்றாள் விருந்தாளிகளைப் பார்த்து.

பத்ருன்னிசா போகவில்லை. கையைப் பிசைந்தாள். "அக்கா, ஒரு கால்தான் வெளிய தெரியுது. இன்னொண்ணக் காணமுங்க."

துணிக்கு ஏது கால் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் குடோன் பக்கமிருந்து செவலை கத்தியது.

பசிக்குக் கத்துவது வேறு, கன்றைத் தேடிக் கத்துவது வேறு. இது ரெண்டும் இல்லை. கன்றுக்குட்டியாக இருந்த நாளிலிருந்து நஞ்சம்மாள் கையால் கஞ்சித் தண்ணி குடித்து வளர்ந்த உயிர், அவளைக் கூப்பிட்டுக் கத்தியது. வயிற்றுக்குள் கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கிக் கிடந்தால் நேரமாக ஆகக் கன்றும் போகும், தாயும் போகும். டாக்டர் வர ஒரு மணி நேரமாவது ஆகும். இங்கே எழுந்தால் சம்பந்தம் போகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உட்கார்ந்தே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே அவளுக்கு அவள்மேல் அருவருப்பு வந்தது. மாடு இல்லை என்று வாய் கூசாமல் சொன்னோமே, அது காதில் விழுந்துதான் கத்துகிறதோ என்று தோன்றியது.

எழுந்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கங்க. எங்க மாடுங்க அது. மூணு இருக்குது. உங்களுக்கு ஆகாதுன்னுதான் ஒளிச்சு வெச்சேன். தலையீத்துங்க, நான் போயே ஆகோணும்" என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். சமையலறைக்குள் ஓடி நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தவள், கூடவே எழுந்த மகனைப் பார்த்துக் கத்தினாள். "நீ எங்கடா வர்றே? போயி வெதைய வுடு! இனி எந்த மானம் பாக்கி? ஈரமாச்சும் மிஞ்சட்டும்!"

தரணீதரன் இரண்டு முறை சொல்ல வைக்கவில்லை. விதைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெள்ளைச் சட்டையோடே காட்டுக்குள் பாய்ந்தான்.

குடோனுக்குப் பின்னால் செவலை படுத்துக் கிடந்தது. நஞ்சம்மாள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே கை முழுக்க எண்ணெயைப் பூசினாள். "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்." மாடு முக்கும்போது பொறுத்து, விடும்போது கன்றை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிக் கிடந்த காலைத் தேடினாள். வால் அவள் முகத்திலேயே அடித்தது. யாரோ வாலைப் பிடித்துக்கொண்டார்கள். பத்ருன்னிசா என்று நினைத்தாள்.

"கெட்டியாப் புடி பத்ரு."

"புடிச்சுட்டேனுங்க" என்றது சத்யப்பிரியாவின் குரல்.

திரும்பிப் பார்க்க நேரமில்லை. கால் கிடைத்துவிட்டது. குளம்பை உள்ளங்கையில் பொத்தி நிமிர்த்தினாள். ரெண்டு காலும் சேர்ந்து வந்தன, பிறகு மூக்கு. பத்ருன்னிசாவும் அவளுமாக இழுத்தார்கள். செவலை கடைசியாக ஒரு முக்கு முக்கியதும் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை. நஞ்சம்மாள் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரலை விட்டு வழித்து, காதில் ஊதினாள். கன்று ஒரு தும்மல் போட்டது.

"கெடேரிங்கக்கா, பொட்டக் கன்னு!" என்று பத்ருன்னிசா கூவினாள். பக்கத்து மூட்டையை அவிழ்த்து, பிஸ்தா பச்சையில் பனியன் துணியைக் கொத்தாக அள்ளிக் கொடுத்தாள். அதை வாங்கிக் கன்றைத் துவட்ட உட்கார்ந்த சத்யப்பிரியா துணியை விரித்துப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, இது எங்க கம்பெனித் துணிங்க! ஷேட் ஒத்து வரலைன்னு பையர் ரிஜெக்ட் பண்ணுனது. இதுக்காக நான் மூணு நாளு சோறு திங்கலைங்க."

"கன்னுக்கு ஒத்துவந்திருச்சுல்லங்க" என்றாள் பத்ருன்னிசா. மூன்று பேரும் சிரித்தார்கள். நஞ்சம்மாளுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"சொல்லுங்க. எதுக்குங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்றாள் சத்யப்பிரியா.

"நீ சாணி அள்ள மாட்டேன்னு சொன்னியாமே கண்ணு."

"ஆமாங்க. அள்ள மாட்டேன். இப்பவுஞ் சொல்றேன், எனக்கு ஆபீசு முடிஞ்சு ஊடு வர எட்டு மணியாகும். ஆனா மாடே இருக்கப்படாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? அது தரகர் சேத்துனதுங்க." கன்றின் காதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சரி, உங்க ஊட்டுல இப்ப யாருங்க அள்றது?"

நஞ்சம்மாளிடம் இனிமேல் பொய்யே மிச்சமில்லை. இதையும்கூட அவள் மூடித்தான் வைத்திருந்தாள். கம்பெனி சூப்பர்வைசர் சாணி அள்ளுகிறான் என்றால் யார் மதிப்பார்கள்?

"அவன்தான். எனக்கு இடுப்பு வலி வந்ததுல இருந்து அவன்தான் காத்தால எந்திரிச்சுக் கொட்டாயக் கூட்டி, சாணி அள்ளிப் போட்டுட்டு, குளிச்சுட்டு கம்பெனிக்குப் போறான். என்னைய சாணிக்கூடையத் தொட வுடறதில்ல."

சத்யப்பிரியா கன்றை விட்டு எழுந்தாள். வேலி ஓரமாகப் போய் நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். செம்மண் காட்டில் தரணீதரன் வீசி வீசி விதைத்துக்கொண்டு முன்னால் போக, அவன் பின்னால் டிராக்டர் மண்ணைப் புரட்டிக்கொண்டு வந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாகியிருந்தது. வரப்பில் கந்தவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, அங்கே விட்டுப் போச்சு, இங்கே விட்டுப் போச்சு என்று கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் ஒரு விதை விதைத்தவரில்லை. சென்னியப்பன் ஊர் ஊராகப் பெய்த மழையையெல்லாம் அவர் காதில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று சத்யப்பிரியா கூப்பிட்டாள். "எனக்குப் பசிக்குதுங்க. சாப்பிட்டுட்டே போயிரலாமுங்களா?"

கந்தவேல் மகளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நஞ்சம்மாளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, மத்தியானச் சோத்துக்கு எங்களுக்கும் எலை போடுவீங்களா?"

ஊடு பார்க்க வந்த இடத்தில் காபி குடிப்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், சோற்றில் மட்டும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் நஞ்சம்மாள் அன்றைக்கு ஒரு பிடி அரிசிகூட உலையில் போடவில்லை.

"அய்யோ, சோறு ஆக்கலீங்களே!" என்றாள்.

"ஆக்குங்க. இருக்கறமுங்க" என்றார் கந்தவேல்.

நஞ்சம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, அரிசி களைய வீட்டைப் பார்த்து ஓடினாள். "அத்தை, மொதல்ல கையக் கழுவுங்க!" என்று பின்னாலிருந்து சத்யப்பிரியா கத்தினாள்.