முன்கூட்டியே போட்ட கையெழுத்து

பைன் காட்டுக்குக் கீழே இருக்கும் சதுப்பில் புதிய சாலை போடலாமா கூடாதா என்று முடிவு செய்யும் கூட்டம். அங்கே சதுப்பு ஆர்க்கிட் என்ற அரிய பூச்செடி இருந்தால் சாலை விலகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டிச் சதுப்பை மூடிவிடுவார்கள்.

அதிகாரி கணக்கெடுப்புத் தாளை வாசித்தார். “சதுப்பு ஆர்க்கிட் தென்படவில்லை. பார்வையிட்டவர்கள் இருவர்.” இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

அக்காவைப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் அங்கே செடிகளை அடையாளம் கண்டு எழுதுவது நாங்கள் இருவரும்தான். செடிக் குழுவில் எங்களுக்கு ‘ஜோடிச் செருப்பு’ என்று பெயர். இலையில் புள்ளி உண்டா, தண்டின் உள்ளே துளை உண்டா என்று பார்ப்பதில் அக்கா என்னைவிடக் கெட்டி. ஒரு தாளுக்கு இருவர் கையெழுத்து வேண்டும். கணக்கைப் பென்சிலில் எழுதலாம், கையெழுத்து மையில்தான் இருக்க வேண்டும்; சதுப்பில் முழங்கை வரை சேறு, மை கலைந்துவிடும். அதனால் சாப்பாட்டு மேசையிலேயே வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். அந்த ஞாயிறு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை வந்துவிட்டது. “நான் பாத்துக்கறேன், நீ போ,” என்று அக்கா தனியாகப் போனாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

மண் கொட்டும் வேலை அக்கா வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தபோது எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்தால் ஆறு வருடத் தாள்களும் குப்பைக்குப் போகும். அந்தத் தைரியத்தில்தான் என் கையெழுத்துக்கு மேலே அப்படி எழுதியிருக்கிறாள்.

எழுந்து நின்றேன். “சார், அந்தத் தாள் காலியா இருக்கும்போது போட்ட கையெழுத்து அது. அன்னைக்கு நான் அங்க போகவே இல்ல.”

“மத்த தாளெல்லாம்?”

“அதுவும் காலியாத்தான் இருந்துச்சு.”

எங்கள் தாள்கள் எதுவும் செல்லாது, வேறு ஆட்கள் புதிதாகப் பார்க்கட்டும், இவர்கள் இருவரும் இனிக் கணக்கெடுக்கக் கூடாது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாசல் படியில் அக்கா என் கையைப் பிடித்தாள். “அத்தன பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியேடி. உங்க அத்தான் ஆறு மாசமா வேலையில்லாம உக்காந்திருக்காரு. உங்கிட்ட சொன்னா கேட்டிருப்பியா?”

“மாட்டேன்தான். அதுக்காக என்னையும் சேர்த்துப் பொய் சொல்ல வெப்பியா?”

கையை உதறினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், அப்படியும் அழுகை வந்துவிட்டது. கூடப்பிறந்தவளே இப்படிச் செய்வாள் என்று யார் சொல்லியிருந்தாலும் அடிக்கப் போயிருப்பேன். இரண்டு படி இறங்கினேன். மனசு கேட்கவில்லை, திரும்பினேன்.

“நெஜமாவே ஒண்ணுகூட இல்லையா?”

அவள் தரையைப் பார்த்தாள். “பதினொண்ணு இருந்துச்சு. எல்லாமே பூத்திருந்துச்சு.”

“எண்ணினியா?”

“ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதினேன்,” என்றாள்.