வலத்தோள் சுற்று

வலது தோளுக்கு வலது தோள், கை தொடாமல், கண்ணை மட்டும் கண்ணில் வைத்து ஒருவரையொருவர் சுற்றிவர வேண்டும், அமெரிக்காவில் வெர்மான்டின் அந்தச் சிற்றூர் மண்டபத்தில் நளாயினி பெயர் தெரியாத ஒரு தச்சரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், வரிசையின் மறுகோடியில் சிவபாலன் நிற்கிறான், பதினொரு வருடத்துக்கு முன் பிரிந்த கணவன், யாரோ நண்பர் கூட்டிவந்திருக்க வேண்டும், இரண்டு வரிசை எதிரெதிரே நின்று ஆடும் இந்தக் கான்ட்ரா நடனத்தில் சுற்றுக்கு ஓரிடம் நகர்ந்தாக வேண்டும், அவள் கீழே போகிறாள், அவன் மேலே வருகிறான், இன்னும் நான்கு பேர், மூன்று பேர், நடுவில் விட்டுப்போனால் வரிசை குலைந்துவிடும். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் மார்த்தா முதல் நாளே சொன்னாள், இங்கிலாந்தில் பிறந்து பிரான்சுக்குப் போய்க் கடல் தாண்டி வந்தது இது, அந்தக் காலத்தில் வரிசையின் முதலில் நிற்கும் தலைச்சோடி மட்டும் ஆட ஆட மற்றவர்கள் முறை வரும்வரை நின்றுகொண்டிருப்பார்கள், எல்லோரும் எந்நேரமும் ஆடும்படி அசைவுகள் மாறியது பிற்பாடுதான், இந்தச் சுற்றுக்குக்கூட முன்பு ஓர் இனத்தாரின் பெயர், அது அவர்களை நோகடிக்கும் சொல் என்று தோளின் பெயரை வைத்தோம். நின்றுகொண்டிருப்பார்கள் என்றதும் நளாயினிக்குச் சிரிப்பு வந்தது, அவன் கனடாவில் அலைய அவள் பருத்தித்துறையில் பத்து வருடம் நின்றவள், மொன்றியல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தான், இவ்வளவுதானோ கொண்டுவந்தனீர் என்றான், பிறகு இரண்டு வருடம் ஒரே வீடு, முகம் பார்க்காத மனுசனோடு எப்படி இருக்கிறது என்றுதான் பிரிந்தபின் எல்லோரிடமும் சொன்னாள்.

இதோ எதிரே வந்துவிட்டான், நரைத்திருக்கிறான், கண் தரையில். நிலத்தைப் பாக்காதேங்கோ, தலை சுத்தும் என்றாள். நான் வந்திருக்கக் கூடாதோ என்றான். அங்கால ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம், போங்கோ. போனான்.

வரிசையின் முடிவுக்கு வந்தவர்கள் ஒரு சுற்று சும்மா நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும், நின்றாள், பிடில் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பும் வழியில் மறுபடியும் அவன், இம்முறை அவள் சொன்னபடியே நேராகப் பார்த்தான், நான்கு அடி வைப்பதற்குள் நழுவியது அவள் கண்தான், அவன் சட்டைப் பொத்தானில் போய் நின்றது, அன்று விமான நிலையத்திலும் அவள் கண் அவன் தோளுக்கு மேலே கண்ணாடிக் கதவில் போய் நின்றிருந்தது, அவன் பெட்டியைப் பார்ப்பதற்கும் முன்னால்.

இடைவேளையில் தண்ணீர் மேசையருகே அவன் கோப்பையைப் பிடித்தபடி குடிக்காமல் நின்றான். அண்டைக்கு எயார்போட்டில நானும் உங்களைப் பாக்கேல்லை என்றாள்.

தெரியும் என்றான், அதுதான் பெட்டியைப் பாத்தனான்.