மூலையில் வரைந்த பட்டன்

பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து எட்டு மாதம். எட்டு மாதமும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு, பூட்டிய அறையில் சுகமாகத் தூங்கின. சாவிக்கொத்து எப்போதும் தலைமையாசிரியரின் விரலில். “பசங்க கைபட்டா கெட்டுப்போயிடும் டீச்சர். நீங்க போர்டுலயே நடத்துங்க” என்று முடித்துவிட்டார். செயற்கை நுண்ணறிவைச் சாக்பீஸால் நடத்தச் சொன்ன மகராசன்!

நடத்தினேன். எதைக் காட்டிப் பழக்குகிறோமோ அதைத்தான் மிஷின் கற்றுக்கொள்ளும் என்று முதல் நாளே சொன்னேன். பிறகு கீபோர்டை வரைந்தேன். பலகையின் வலது ஓரம் நடுவில் பெயர்ந்து கிடந்ததால் ‘என்டர்’ பட்டனை மேலே மூலையில் போட்டுவிட்டேன். அது எழுத்தை அழிக்கும் பட்டனின் இடம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாற்பது பிள்ளைகளும் மேசைமேல் விரலால் தட்டித் தட்டி, பார்க்காமலே அடிக்கப் பழகினார்கள்.

நேற்று கல்வி அதிகாரி வந்தார். இந்தப் பாடம் எங்கள் பள்ளியில் தொடருமா, எடுத்துவிடுவார்களா என்பது அவர் கையில். காலையிலேயே உறைகள் மாயமாகி, திரைகள் பளபளத்தன.

“யாராவது இதுகிட்ட ஒரு கேள்வி கேளுங்க பாப்போம்” என்றார், திரையில் திறந்திருந்த செயற்கை நுண்ணறிவைக் காட்டி.

வாயாடி என்று வகுப்பில் பேரெடுத்தவள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘நீ எப்படிக் கற்றுக்கொண்டாய்?’ என்று அடித்தாள். அனுப்ப மூலைப் பட்டனைத் தட்டினாள். கேள்விக்குறி காணாமல் போனது. மறுபடி தட்டினாள். ஓர் எழுத்து போனது. பதறிப்போய்த் தட்டத் தட்ட, கேள்வி முழுவதும் அழிந்துவிட்டது.

அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவனும் அதே பட்டன். மூன்றாமவளும் அதே. அதிகாரி சிரித்தார். பலகையில் நான் தப்பாக வரைந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டி வைத்தவர் மேல் கோபம், என் மேலும்தான்.

“எல்லாம் மக்குங்க சார். எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் மண்டைல ஏறாது” என்றார் தலைமையாசிரியர், கொஞ்சமும் கூசாமல்.

வாயாடி எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “மிஷின் எல்லாம் ஒரே தப்பப் பண்ணினா மிஷினத் திட்டக் கூடாது, எதக் காட்டிப் பழக்கினாங்கன்னு பாக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க சார். எங்களுக்குக் காட்டினது கரும்பலகைதான். கம்ப்யூட்டர இன்னிக்குத்தான் பாக்குறோம்.”

“ஏய், வாய மூடு!” என்று சீறினார் தலைமையாசிரியர்.

“அவள ஏன் சார் அதட்டுறீங்க?” நான் கத்தியே விட்டேன். எட்டு மாதம் அடக்கி வைத்த கத்தல். அதிகாரியிடம் திரும்பினேன். “அவ சொன்னது சரி சார். தப்பா வரஞ்சது நான். பூட்டி வச்சது இவர்.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது. மூன்று திரைகளையும் மறுபடி பார்த்தார். “பாடம் இருக்கட்டும். சாவி டீச்சர்கிட்ட இருக்கட்டும்.”

“சாவியா... எங்க வச்சேன்...” தலைமையாசிரியர் ஒவ்வொரு பையாகத் தடவினார். கொத்து அவர் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் உருவிக்கொண்டேன்.